ஒரே ஒரு லெதர் ஷூதான் வாங்குவீர்கள் என்றால் செர்ரி கலர் வாங்குங்கள்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அலமாரியில் நேவி ப்ளூ, சாம்பல், சந்தனக் கலர் என்று மூன்று நான்கு விதமான பேண்ட் இருக்கிறது, ஆனால் ஷூ மட்டும் ஒரு ஜோடிதான் வாங்க முடியும் என்றால், அது செர்ரி கலராக இருக்கட்டும். கறுப்பு வேண்டாம், டான் என்கிற வெளிர் பிரவுன் கண்டிப்பாக வேண்டாம். சில மாதங்களாக டெர்பி என்கிற, கயிறு கட்டும் வகையில் ஒரு செர்ரி கலர் ஷூவை ஆபீசுக்கும் ரிசப்ஷனுக்கும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஷூவில் குறைகள் இருக்கின்றன, அதெல்லாம் கீழே வருகிறது. நிறத்தைப் பற்றி மட்டும் எனக்குப் புகாரே இல்லை.

கடைக்காரர்கள் இதையே பர்கண்டி என்பார்கள், ஒயின் என்பார்கள், ஆன்லைனில் தேடினால் ஆக்ஸ்பிளட் என்று வரும். நம் வீட்டுப் பெண்களிடம் காட்டினால் ஒரே வார்த்தையில் அரக்கு என்று முடித்துவிடுவார்கள். சிவப்பும் பிரவுனும் கலந்து, நன்றாக இருட்டடித்த அரக்கு.

வாங்கியது ஆம்பூரில். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பெரும்பாலும் பிரியாணிக்காகத்தான் அங்கே வண்டியை ஓரங்கட்டுவார்கள், ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுக தோல் பதனிடும் டேனரியும் ஷூ கம்பெனியும்தான். வெளிநாட்டுக்குத் தைத்ததில் மிஞ்சியது, ஆர்டர் ரத்தானது, தோலில் லேசாக வடு இருக்கிறது என்று ஒதுக்கியது எல்லாம் ரோட்டோரக் கடைகளுக்கு வந்து சேரும். கடை பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு பெல்ட் விவகாரம் இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன்; அது போக, இந்த மாதிரிக் கடைகளில் நான் எடுத்த மாடல் நீங்கள் போகும்போது இருக்காது, அளவும் இருக்காது. பெட்டியில் 42 என்று ஐரோப்பிய அளவு போட்டிருக்கும், நம் ஊர்க் கணக்கில் அது 8. விலை மூவாயிரத்துக்குச் சற்றுக் கீழே. பேரம் கிடையாது.

இங்கே ஒரு விஷயம், எந்தக் கடையில் வாங்கினாலும் இது பொருந்தும். கடைக்குள் வெள்ளை எல்இடி வெளிச்சத்தில் இந்த ஷூவும் பக்கத்தில் இருந்த டார்க் பிரவுன் ஷூவும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன. மலிவான எல்இடி விளக்குகளின் வெளிச்சத்தில் சிவப்புப் பகுதி குறைவு, அதனால் அரக்கு அங்கே அமுங்கிப் போகும். வாசலுக்குக் கொண்டு வந்து வெயிலில் பிடித்தபோதுதான் உள்ளே இருந்த சிவப்பு மேலே வந்தது. அடுத்த முறை ஷூ வாங்கப் போகும்போது அதிகம் உடுத்துகிற பேண்ட் ஒன்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போங்கள், ஷூவை அதன் கால் விளிம்புக்குக் கீழே வைத்து, வெளியே வெயிலில் பாருங்கள். கடைப் பையன் ஒரு மாதிரி பார்ப்பான், பார்க்கட்டும். ஷெல்ஃபில் தனியாக இருக்கும்போது எல்லா ஷூவும் அழகுதான், பேண்ட்டுக்குக் கீழே வந்தால்தான் அதன் யோக்கியதை தெரியும்.

சரி, பேண்ட்டுகள்.

நேவி ப்ளூ. நேவிக்கு டான் ஷூ பொருந்துகிறது என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிரவுன் என்பதே இருட்டான ஆரஞ்சுதான், வண்ணச் சக்கரத்தில் ஆரஞ்சுக்கு நேர் எதிரில் நீலம் இருக்கிறது, எதிரெதிர் நிறங்கள் பக்கத்தில் வந்தால் இரண்டும் தூக்கலாகத் தெரியும். தூக்கலாகத் தெரிவதுதான் பிரச்சினையும். டான் ஷூ போட்டவனைப் பார்க்கும்போது முதலில் கண் போவது காலுக்கு. செர்ரியில் அந்தச் சத்தம் இல்லை. நேவிக்குக் கீழே அது முதல் பார்வையில் டார்க் பிரவுன் போலவே இருக்கும், நடக்கும்போது மடிப்பில் வெளிச்சம் விழுந்தால் மட்டும் சிவப்பு எட்டிப்பார்க்கும். ஆபீசில் இதுவரை ஷூவைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை, நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

சார்க்கோல் கிரே. இந்த ஷூவை வாங்கியதே இதற்காகத்தான் என்று இப்போது சொல்வேன். சார்க்கோல் பேண்ட்டுக்குக் கறுப்பு ஷூ போட்டால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் பேங்க் மேனேஜர் களை வந்துவிடும். டான் போட்டால் கால் தனியாகக் கழன்று நிற்கும், ஏனென்றால் சார்க்கோல் கிட்டத்தட்டக் கறுப்பு, டான் கிட்டத்தட்ட மஞ்சள், நடுவில் ஒரு படிக்கட்டும் இல்லை. பிரவுன் பரவாயில்லை, ஆனால் சாம்பலின் குளிர்ச்சிக்குப் பக்கத்தில் கொஞ்சம் மண் கலராகத் தெரியும். அரக்கில் இருக்கும் சிவப்பும் அதன் இருட்டும் சார்க்கோலின் இருட்டோடு ஒத்துப்போகின்றன. வெள்ளைச் சட்டை, சார்க்கோல் பேண்ட், செர்ரி ஷூ, இதற்கு மேல் ஒரு ஆம்பளைக்கு ஆபீசில் எதுவும் தேவையில்லை என்பது என் கட்சி.

வெளிர் சாம்பலுக்கும் போகும், கொஞ்சம் பளிச்சென்று போகும்.

சந்தனக் கலர், காக்கி, பீஜ், இந்தக் குடும்பம் முழுக்க பிரவுன் வகைகளுக்குச் சொந்தம். போலீஸ் அதிகாரிகளின் காக்கிக்குக் கீழே பிரவுன் ஷூ இருப்பதை நாம் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறோம், அது ஏன் சரியாக இருக்கிறது என்று யோசித்ததில்லை, அவ்வளவுதான். நம்மில் பலர் செய்யும் காரியம் என்னவென்றால், சந்தனக் கலர் பேண்ட் போட்டு, இருக்கிற ஒரே ஷூவான கறுப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவது. பள்ளிக்கூடத்தில் யூனிஃபார்ம் பேண்ட் என்ன கலராக இருந்தாலும் கீழே கறுப்பு ஷூதான், காலேஜ் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு அதே கறுப்பு, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அதே கறுப்பு, ஆக ஃபார்மல் என்றால் கறுப்பு என்று மூளையில் பதிந்துவிட்டது. வெளிர் பேண்ட்டின் முடிவில் கறுப்பு ஷூ இரண்டு புள்ளி வைத்தது போல நிற்கும். செர்ரி அந்த இடத்தில் இருட்டாகவும் இருக்கும், சூடாகவும் இருக்கும், அதனால் தாங்கும். ஆனால் ஒன்று, ரொம்ப வெளிர் சந்தனம் என்றால் டார்க் டான் இதைவிட நன்றாக இருக்கும். அங்கே செர்ரிக்கு இரண்டாவது இடம்தான்.

மிலிட்டரி பச்சை, ஆலிவ் எல்லாம் எனக்கு முதலில் சந்தேகமாக இருந்தது. சிவப்பும் பச்சையும் ஆயிற்றே. ஆனால் காஞ்சிபுரம் பட்டில் இருண்ட பச்சை உடலுக்கு அரக்கு பார்டர் காலங்காலமாக வருகிறது, கல்யாண வீட்டில் யாரும் அதைப் பார்த்து முகம் சுளித்ததில்லை. உண்மையில் ஷூ விஷயத்தையே அப்படிப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்: பேண்ட் உடல், ஷூ பார்டர். ஒன்று செல்ஃப் பார்டர் மாதிரி அதே குடும்பத்தில் கொஞ்சம் இருட்டாக இருக்க வேண்டும், இல்லை கான்ட்ராஸ்ட் பார்டர் மாதிரி தெளிவாக வேறாக இருக்க வேண்டும். ரெண்டும் கெட்டானாக, ஒரே நிறம் போல இருந்து ஒரு நூல் தள்ளி நிற்பதுதான் அசிங்கம். பிரவுன் பேண்ட்டுக்கு அதே பிரவுனில் ஷூ தேடி, கிட்டத்தட்டக் கிடைத்தது என்று வாங்குகிறவர்கள் மாட்டுவது இங்கேதான். பிரவுன் பேண்ட்டுக்கு செர்ரி போட்டுப் பாருங்கள், அது பிரவுனாக இருக்க முயற்சியே செய்யாது, அதனால் தப்பிக்கும்.

ஜீன்ஸ் கேட்கவே வேண்டாம், எல்லா நீலத்துக்கும் போகும். புது இண்டிகோ ஜீன்ஸுக்கு இது இன்னொரு விதத்திலும் நல்லது. இண்டிகோ சாயம் நூலுக்குள் முழுக்க இறங்காமல் மேலாகவே உட்காரும், அதனால்தான் உரசும் இடத்திலெல்லாம் நீலம் ஒட்டும். நண்பர் ஒருவரின் வெளிர் டான் ஸ்வேட் ஷூவின் வாய்ப்பகுதி முழுக்க அப்படி ஒரு நீல வளையம் வந்து, எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. செர்ரியில் அந்த நீலம் ஒட்டினாலும் கண்ணுக்குத் தெரியாது.

இப்போது கறுப்பு பேண்ட். இங்கே இந்த ஷூ தோற்கிறது. ஆன்லைனில் கறுப்பு பேண்ட்டுக்கு ஆக்ஸ்பிளட் பிரமாதம் என்று நிறையப் பேர் படம் போடுகிறார்கள், படத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. நம் ஊர் வெயிலில் அது என்னவோ ஷூவை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தவன் போலத் தெரிகிறது, சாயங்காலம் மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்தில் மட்டும் பொருந்துகிறது. கறுப்பு பேண்ட்டுக்குக் கறுப்பு ஷூ, வேறு யோசனை வேண்டாம். வக்கீல்கள், ஹோட்டல் வேலையில் இருப்பவர்கள், தினமும் கறுப்பு பேண்ட்தான் யூனிஃபார்ம் என்பவர்கள் இந்த விமர்சனத்தை இதோடு மூடிவிடலாம். கறுப்பு பேண்ட்டுக்கு டான் ஷூ போடுகிறவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை. ரிசப்ஷன் மேடைகளில் இது ஒரு தொற்று மாதிரி ஆகிவிட்டது, வாடகைக்கு எடுத்த கறுப்பு கோட் சூட், கீழே மூக்கு நீண்ட, தேன் நிறத்தில் பளபளக்கும் ஷூ, கல்யாண ஆல்பத்தில் காலம் முழுக்க அது இருக்கும். உயரம் குறைவானவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், கணுக்காலில் நிறம் திடீரென்று வெட்டுப்பட்டால் கால் அங்கேயே முடிந்துவிட்டது போலக் காட்டும்.

பிரவுன் வகை ஷூ ஃபார்மல் இல்லை என்று ஒரு கட்சி உண்டு, அவர்களுக்கும் ஆதாரம் இருக்கிறது. லண்டன் நிதி வட்டாரத்தில் சூட்டுக்கு பிரவுன் ஷூ கூடாது என்பது பழைய வழக்கம். 2016-ல் பிரிட்டனின் சமூக முன்னேற்ற ஆணையம் வெளியிட்ட அறிக்கை ஒன்றில், முதலீட்டு வங்கிகளின் நேர்காணலில் சூட்டுக்கு பிரவுன் ஷூ போட்டு வரும் இளைஞர்களைச் சிலர் ஒரு படி கீழாக எடைபோடுகிறார்கள், வசதியில்லாத குடும்பத்துப் பையன்களுக்கு இந்த எழுதாத விதி தெரியாமலே வாய்ப்பு போகிறது என்ற அளவுக்கு இது வந்தது. இத்தாலிக்காரர்கள் அதே நேவி சூட்டுக்கு பிரவுன் ஷூவைத்தான் அழகு என்பார்கள். ஐடி கம்பெனிகள் இருக்கும் சென்னை ஓஎம்ஆரில் இன்டர்வியூ எடுப்பவர் பாதி நேரம் ஸ்போர்ட்ஸ் ஷூவில்தான் உட்கார்ந்திருக்கிறார், அதனால் நமக்கு இந்தச் சண்டையில் பங்கு இல்லை. இருந்தாலும் பேங்க், கோர்ட், அரசுப் பணி நேர்காணல் என்றால் கறுப்பு போட்டுப் போய்விடுங்கள், அங்கே போய் ரசனையை நிரூபிக்க வேண்டிய அவசியமில்லை.

பெல்ட் விவகாரம். ஷூ எடுத்த கையோடு, இதே லெதரில் செய்த பெல்ட் என்று சொல்லி ஒன்றை நீட்டினார்கள். கடை வெளிச்சத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். வெயிலில் பார்த்தால் பெல்ட் கத்திரிப்பூ கலர். அடுத்த வாரம் அந்த வழியாகப் போகும்போது திருப்பிக் கொடுக்கப் போனேன், பில்லைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை, விற்றது விற்றதுதான் என்றார்கள். தோல் குரோம் உப்பில் பதப்பட்டு வெளியே வரும்போது வெளிர் நீலமாகத்தான் இருக்கும், அதற்கு அப்புறம்தான் டிரம்மில் போட்டு சாயம் ஏற்றுவார்கள், ஒவ்வொரு டிரம்முக்கும் நிறம் கொஞ்சம் முன்னே பின்னே போவது சகஜம். அதனால் செர்ரி என்ற பெயரை நம்பி பெல்ட் வாங்காதீர்கள். ஷூ எவ்வளவு இருட்டோ பெல்ட்டும் அவ்வளவு இருட்டாக இருந்தால் போதும். நான் இப்போது போடுவது ஒரு டார்க் பிரவுன் பெல்ட், அதில் ஒரு குறையும் தெரியவில்லை. கறுப்பு பெல்ட் மட்டும் வேண்டாம்.

சாக்ஸ் பேண்ட் கலரில் இருக்கட்டும், ஷூ கலரில் தேட வேண்டாம். நேவி பேண்ட்டுக்கு நேவி சாக்ஸ், சாம்பலுக்குச் சாம்பல், உட்காரும்போது முழங்காலுக்குக் கீழே வெறுங்கால் தெரியாத அளவுக்கு உயரமாக. அப்புறம் பேண்ட்டின் நீளம். பழைய பாணியில் பாட்டம் அகலமாகத் தைத்து, ஷூ மேல் நாலு மடிப்பாகச் சரிந்து கிடந்தால் ஷூ என்ன கலராக இருந்து என்ன பிரயோஜனம், நுனி மட்டும்தான் தெரியும். டெய்லரிடம் பாட்டம் 14 இன்ச், ஷூ மேல் லேசாகத் தொட்டால் போதும் என்று சொல்லி மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். டெய்லர் கட்டாயம் ஒரு இன்ச் கூட்டித்தான் வெட்டுவார், துவைத்தால் சுருங்கும் சார் என்பார், விடாதீர்கள். வேட்டிக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை, செருப்பை மாட்டினோமா போனோமா என்று இருக்கும்.

இனி ஷூவின் குறைகள். அடிப்பாகத்தைச் சுற்றி ஓடும் தையல் போலத் தெரிவது தையலே இல்லை, சோல் வார்க்கும்போதே அச்சில் வந்த கோடு. உண்மையில் பசையால் ஒட்டிய டிபிஆர் சோல், அதாவது உருக்கி வார்க்கிற ரப்பர் வகை. இந்த விலைக்கு அதுதான் கிடைக்கும், அதில் தப்பில்லை, ஆனால் தையல் என்று சொல்லி விற்றால் நகத்தால் கோட்டைக் கீறிப் பாருங்கள், நூல் இருந்தால் நகத்தில் சிக்கும். நான் ரோட்டோரம் ஷூ தைக்கும் அண்ணனிடம் கொடுத்து சுற்றிலும் ஓரத் தையல் போட்டுக்கொண்டேன், அவர் மெழுகு நூலை ஊசியில் இழுத்துக்கொண்டே, கலர் நல்லா இருக்கு, நூலுக்குத்தான் கறுப்பு போடணும், இந்த கலரில் நூல் எங்கே தேடுவது என்றார். கறுப்பு நூல் சோல் ஓரத்தில் தெரியவே இல்லை.

உள்புறத்து லைனிங் பாதிதான் தோல், முன்பக்கம் துணி. முதல் சில வாரங்கள் வெளிர் நிற சாக்ஸில் விரல் பக்கம் சிவப்பு ஒட்டியது, வியர்வை அதிகமான நாளில் கால் விரலிலும். அப்புறம் நின்றுவிட்டது. அகலமான பாதம் இருப்பவர்களுக்கு டெர்பி சௌகரியம், கயிறு கட்டும் இரண்டு மடலும் மேலே தனியாகத் திறக்கும், மடல்கள் அடியோடு சேர்த்துத் தைத்த ஆக்ஸ்ஃபோர்டு ஷூ மாதிரி பாதத்தை இறுக்காது. இதன் தோல் ரப்-ஆஃப் வகை, அதாவது வெளிர் அடி நிறத்தின் மேல் இருண்ட மெழுகுப் பூச்சு கொடுத்து, நடுவில் தேய்த்து வெளிரவிட்டு, மூக்கிலும் குதிகாலிலும் இருட்டாக விட்டிருக்கிறார்கள். பார்க்க அழகு, ஆனால் கல்லில் இடித்தால் பூச்சு போய் உள்ளே இருக்கும் ஆரஞ்சு தெரிகிறது. வலது மூக்கில் அப்படி ஒரு கீறல் விழுந்தது, துளி கறுப்பு பாலிஷைத் துணியில் தொட்டு அந்த இடத்தில் வட்டமாகத் தேய்த்ததில் மறைந்துவிட்டது. இன்னும் சொல்லப் போனால் மூக்குப் பக்கம் எப்போதாவது கொஞ்சம் கறுப்பு பாலிஷ் போட்டால் இந்த நிறம் இன்னும் ஆழமாகிறது.

பாலிஷ்தான் இந்தக் கலரின் நிஜமான தொல்லை. மளிகைக் கடையில் கறுப்பும் டார்க் டானும் கிடைக்கும், ஸ்டேஷன் வாசலில் பாலிஷ் போடுகிறவர்களிடமும் பெரும்பாலும் அந்த இரண்டுதான். டார்க் டானைத் தொடர்ந்து போட்டால் செர்ரியின் சிவப்பு மெல்ல மெல்ல மஞ்சளடிக்கும், அப்புறம் அது சாதாரண பிரவுன் ஷூதான். நியூட்ரல் பாலிஷ் வாங்கிக்கொள்ளுங்கள். கொஞ்சமாக எடுக்க வேண்டும், அள்ளிப் பூசினால் மடிப்புகளில் வெள்ளையாகத் தங்கும், அதைப் பழைய டூத் பிரஷால்தான் எடுக்க முடியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஷூவை ரேக்கில் மூடி வைத்தால் அதே இடத்தில் வெள்ளைப் பூஞ்சை வரும், இருண்ட நிறம் என்பதால் பளிச்சென்று தெரியும். உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி வைத்து, ரேக் கதவைத் திறந்து போடுங்கள், போதும்.

நிறத்துக்கு முழு மதிப்பெண், தோலுக்கு முக்கால், லைனிங்குக்குப் பாஸ் மார்க், கடைக்கு ஃபெயில். ஏற்கெனவே நல்ல கறுப்பு ஷூ ஒன்று வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் இதை இரண்டாவதாக எடுக்கலாம், இரண்டும் சேர்ந்தால் எந்த பேண்ட்டும் பாக்கி இருக்காது. ஆம்பூருக்குப் போகிறவர்கள் மதியத்துக்கு முன்னால் ஷூ கடையை முடித்துக்கொள்ளுங்கள், பிரியாணியை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். வாசல் வெயில் வேண்டும், அதோடு 7, 8, 9 அளவுகள்தான் முதலில் தீர்ந்து போகின்றன.